ஊமைக்குழியில் ஊற்றிய பச்சை

எங்கள் மேட்டில் தண்ணீர் நிற்காது. கொட்டு கொட்டென்று மழை கொட்டும். அரை மணி நேரத்தில் பாறை காய்ந்துவிடும். சுண்ணாம்புக் கல் முழுக்க ஓட்டை, பெய்ததெல்லாம் உள்ளே போய்விடும். எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் 'கீழே' என்று சொல்வோம். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் கேலாரு ஊராட்சியின் வேலையாள், ஃபிர்மின் வேசாத். சாலையோரப் புல்லை வெட்டுவது, உடைந்த குழாயை ஒட்டுவது, கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் நான்தான். எங்கள் ஊர் மலையிடுக்கின் விளிம்பில் இருக்கிறது. குடிதண்ணீரை அந்த இடுக்கில் பாதி இறக்கத்தில், பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்றிலிருந்து எடுக்கிறோம். ஊருக்கு மேலே மேடு. அங்கே என் அக்கா அர்லேத் முந்நூறு செம்மறிகள் வைத்துப் பால் கறந்து பாலாடைக்கட்டி ஆலைக்கு அனுப்புகிறாள். அப்பா விட்டுப்போன தொண்ணூறு ஹெக்டேரும் அவளிடம்தான். எனக்கு ஆட்டு வாடை ஆகாது, விட்டுவிட்டேன். அவளுக்கு மனுஷ வாடை ஆகாது, வைத்துக்கொண்டாள். மற்றபடி எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் ஊற்றுத் தண்ணீர் கெட்டது. மார்ச்சில் மறுபடியும் கெட்டது. ஊரே கொதிக்கவைத்துக் குடித்தது. பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர் என்னை என்ன செய்துவிடும் என்று வீம்புக்கு இரண்டு டம்ளர் பச்சையாகக் குடித்துவிட்டு, நான் மூன்று நாள் கழிவறையை விட்டு வெளியே வரவில்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டுக்காரர்கள் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். ஓடுகிற தண்ணீரை அவள் நம்புவதே இல்லை.

மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். ஊற்றுக்கு நேர் மேலே, அக்காவின் மேய்ச்சல் நிலத்தின் நடுவில், ஒரு குழி. எங்கள் பக்கம் அதை ஊமைக்குழி என்பார்கள். கல்லைப் போட்டால் சத்தமே வராது, அவ்வளவு ஆழம். அழுக்கு அதன் வழியாகத்தான் வருகிறது என்று உறுதியானால் குழியைச் சுற்றி ஐம்பது ஹெக்டேருக்கு வேலி போட்டுவிடுவார்கள், ஆடு உள்ளே நுழைய முடியாது. மீதி நாற்பதில் முந்நூறு ஆடுகளை மேய்க்கவும் முடியாது. மந்தையை விற்க வேண்டியதுதான். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. செத்த ஆட்டை நாங்கள் கழுகு மேடையில் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். பெரிய கழுகுகள் வட்டமிட்டு இறங்கி அரை மணியில் எலும்பாக்கிவிட்டுப் போய்விடும். அந்தப் பிப்ரவரியில் பதினோரு நாள் விடாமல் பனிமூட்டம். கழுகு பறக்கவில்லை. செத்த கால்நடையை எடுத்துப்போகும் லாரியும் பனிச் சாலையில் ஏறவில்லை. குட்டி போடுகையில் செத்த நான்கு ஆடுகள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. நரி வர ஆரம்பித்தது. அப்புறம் எங்கள் தாத்தா காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் ஊமைக்குழியில் தள்ளினோம். நான் கால்களைப் பிடித்தேன், அக்கா கழுத்தைப் பிடித்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. சட்டப்படி அது குற்றம் என்பது இருவருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏப்ரலில் மாயேல் வந்து சேர்ந்தாள். நிலத்துக்கடியில் ஓடும் தண்ணீரைப் பற்றிப் படித்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், மேற்குக் கடற்கரைப் பிரிட்டனிக்காரி. தரைக்கு மேலேயே சேறும் சகதியுமாகத் தண்ணீர் கிடக்கிற ஊரில் பிறந்தவளுக்கு எங்கள் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று மதுக்கடையில் முதலில் சொன்னது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். 

அவள் வேலை கேட்பதற்கு எளிது. குழியில் சாயத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். எந்த ஊற்றில் சாயம் வருகிறது என்று காத்திருந்து பார்க்க வேண்டும். ஆனால் ஒரு விதி உண்டு. சாயத்தைத் தொட்டவர் ஊற்றுத் தண்ணீரைப் பிடிக்கக்கூடாது. நகக்கண்ணில் ஒரு துகள் ஒட்டியிருந்தால் போதும், பாட்டில் முழுக்கப் பொய்யாகிவிடும். எனவே ஊற்றுவதை அவளும் தீயணைப்புக்காரர்களும் செய்வார்கள், பிடிப்பதற்கு வேறு ஆள் வேண்டும். மேயர் என்னைக் காட்டினார். அர்லேத்தின் தம்பி ஆயிற்றே என்று யாரோ இழுத்திருக்கிறார்கள். பொய் சொல்ல மூளை வேண்டும், நம் ஃபிர்மினுக்கு அந்தக் கவலை இல்லை என்றாராம் மேயர். நற்சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டேன்.

மாயேலுக்கு நிலத்தைச் சுற்றிக் காட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்போது பெருமையாக என் வாய்க்காலையும் காட்டினேன். ஆறு வருஷம் முன்பு நான் தோண்டியது. சந்தைத் திடலில் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பக்கத்துக் கூடார விடுதியின் கழிவுத்தொட்டி நிரம்பி வழிவதும் அதில் சேர்ந்துகொள்ளும். நான் ஒரு வார இறுதியில் தோண்டும் எந்திரத்தை வாடகைக்கு எடுத்து, நாற்பது மீட்டர் வெட்டி, புல்வெளியில் இருந்த ஒரு சின்னப் பொந்துக்குள் எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன். திடல் காய்ந்தது. ஊராட்சி இதழில் என் புகைப்படம்கூட வந்தது, கையில் மண்வெட்டியோடு.

"இது எங்க போகுது, முசியே?" என்றாள் மாயேல். ஆண்கள் எல்லாரையும் அவள் மரியாதைக்கு முசியே போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"கீழே."

"கீழேன்னா?"

"கீழேன்னா கீழேதாம்மா. ஆறு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல."

அவள் பொந்துக்குப் பக்கத்தில் குந்தி வெகு நேரம் பார்த்தாள். தன்னிடம் சிவப்புச் சாயம் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது, இதிலும் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்றாள். பணம் உங்களுடையது, தாராளமாக ஊற்றுங்கள் என்றேன். ஊமைக்குழிக்குப் பச்சை, என் பொந்துக்குச் சிவப்பு என்று முடிவாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை தீயணைப்பு வண்டிகள் மேடேறின. என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் என்னை நூறு மீட்டருக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். அக்கா வேலிக்கல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவிலிருந்து வந்த தூள் செங்கல் நிறம். தண்ணீர் பட்டதும் கண்ணைக் குத்தும் பச்சையாகிக் குழிக்குள் சரிந்தது. அக்கா முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தபடி, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை முடித்துவிட்டு இறங்கி வந்து என் பொந்தில் சிவப்பையும் ஊற்றினார்கள்.

அன்று சாயங்காலம் கடையில் அரை டஜன் பாட்டில் தண்ணீர் வாங்கி என் வண்டியின் பின்னால் போட்டு வைத்தேன். எதற்கு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவில்லை. ஊற்றில் பச்சை வந்தால், மாயேலுக்குப் போகும் பாட்டிலில் வேறு தண்ணீர் இருக்கும். அவ்வளவுதான் திட்டம். மேயர் சொன்னது போல, இதற்கு அதிகம் மூளை தேவைப்படவில்லை.

காலை ஏழு மணிக்குச் சுற்று தொடங்கும். ஆறு இடங்கள், ஆறு பழுப்பு பாட்டில்கள். முதலில் வடக்கே செம்மண் சரிவு. அங்கே பாறை வேறு. தண்ணீர் மேலேயே ஓடும், செஸ்நட் மரங்கள் அடர்ந்து கிடக்கும், வண்டிச் சக்கரம் இரத்தம் தோய்ந்தது மாதிரி ஆகிவிடும். சாயம் வரவே முடியாத ஓடை அது, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க. அந்த ஓடை ஒரு கிலோமீட்டர் கலகலவென்று வந்து, சுண்ணாம்புப் பாறை ஆரம்பிக்கிற கோட்டில், ஒரு ஓக் மரத்தின் வேருக்கடியில் அப்படியே காணாமல் போகும். சிறு வயதிலிருந்து அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. இப்போது கையில் பாட்டிலோடு தினமும் நின்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் மேட்டுச் சாலை முடிகிற இடத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். காலைக் கறவை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா நடக்கத்தான் என்றாள். அறுபத்து மூன்று வயதில் அவள் சும்மா நடந்து நான் பார்த்ததில்லை.

மேட்டில் அவள்தான் எனக்கு வழிகாட்டி. எந்தச் சுவரை எந்த வருஷம் ஆடு தள்ளியது, எந்தப் பள்ளத்தில் ஜூலை வரை புல் பச்சையாக இருக்கும், எந்த ஜூனிபர் புதருக்கடியில் முயல் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குட்டைப் புல்லுக்கு நடுவே ரோமம் வைத்த ஊதாப் பூக்கள் அப்போதுதான் தலை காட்டியிருந்தன. ஆனால் விளிம்பிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியதும் அவள் பேச்சு நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் அவள் மலையிடுக்கின் அடிக்கு வந்ததே இல்லை. ஆடு இறங்காத இடத்துக்கு அவள் எதற்கு இறங்குவாள்?

இருநூறு மீட்டர் இறங்கினால் வேறு தேசம். வெயில் நின்றுவிடும். பாறையெல்லாம் பாசி, அதன் மேல் பெரணி, மேலே பீச் மரங்களின் புது இலை. ஆற்றங்கரையில் ஒரு குண்டுப் பறவை கல்லிலிருந்து தண்ணீருக்குள் நடந்தே போய், அந்தப் பக்கம் நடந்தே வெளியே வந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, அது மறுபடியும் உள்ளே போகும்வரை என்னை நகரவிடவில்லை. பழைய மாவு ஆலையின் ஊற்றில் வெள்ளை மணல் அடியிலிருந்து கொதிப்பது மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. சுடுகிறதா என்று கை விட்டுப் பார்த்தாள். பல் கிட்டும் குளிர். இது வருஷம் முழுக்க இதே குளிரா, மழைக்கு அடுத்த நாள் கலங்குமா, நம் மேட்டில் பெய்தது இங்கே வர எத்தனை நாள், நடுவில் எங்கே தங்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஊரின் தண்ணீர்க்குழாய் முப்பது வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது; குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ பயப்படவே இல்லையாக்கா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ராத்திரி பூரா பயந்துக்கிட்டுத்தான் கெடக்கிறேன். காலைல எந்திரிச்சா, இன்னைக்கு வந்துருக்குமான்னு பாக்கணும்னு இருக்கு. நான் என்ன பண்ண?"

ஐந்து நாளும் ஆறு இடத்திலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரில் முகங்கள் மாறத் தொடங்கின. அர்லேத்தை அநியாயமாகச் சந்தேகப்பட்டோம் என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆறாம் நாள், திங்கட்கிழமை, ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டதால் அக்கா தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் தனியாகவே ஊர் ஊற்றுக்கு இறங்கினேன். பாறைத் தொட்டியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தண்ணீர் நிறம் மாறியிருந்தது. பச்சை இல்லை. ஒயின் குடித்த டம்ளரை அலசிய தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பு.

சிவப்பு யாருடையது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. சந்தைத் திடல். கழிவுத்தொட்டி. கையில் மண்வெட்டியோடு நான் சிரித்துக்கொண்டிருந்த புகைப்படம். ஆறு வருஷமாக ஊர்க்காரர்களின் கழிவை ஊர்க்காரர்களுக்கே குழாய் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். மூன்று நாள் கழிவறையில் உட்கார்ந்து யார் யாரையோ திட்டினேனே, அதெல்லாம் எனக்கே. வெட்கம் முதலில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது பயம்தான்.

வண்டிக்கு ஏறிப்போய் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துவந்தேன். பழுப்பு பாட்டிலில் ஊற்றினேன், மூடினேன், தேதியும் நேரமும் எழுதினேன்.  இன்று ஒரு நாள் தப்பித்தால் நாளை தண்ணீர் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நடந்தால், வேறு காரணம் கிடைக்காமல், பழி மறுபடியும் ஊமைக்குழியின் தலையில்தான் விழும் என்பதும் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் மூடினேன்.

திரும்பினால் அக்கா நின்றிருக்கிறாள். முழங்கை வரை ஆட்டு இரத்தம் காய்ந்திருந்தது. கையைக் கழுவத் தொட்டிக்கு வந்தவள் தண்ணீரைப் பார்த்தாள். பாறை மேல் கிடந்த காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தாள். என் கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"என் பச்சைக்காகத்தானே இந்தத் தண்ணிய வாங்கி வச்சே?"

"ஆமா."

"இப்ப உன் செவப்புக்கு எடுத்துட்டே."

 அவள் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். உன் கைதான் சுத்தம், நீயே பிடி என்றாள். பிடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, இளஞ்சிவப்புத் தண்ணீர் வழிந்து பாசிக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னோடது எங்கடா போகுது?" என்றாள்.

அன்று மதியமே மாயேலிடம் பாட்டிலைக் கொடுத்து, வாய்க்காலைத் தோண்டியது நான்தான் என்று மேயர் முன்னால் சொன்னேன். புகைப்படமே இருக்கிறது, மறைக்கவும் வழியில்லை. நடுவில் ஒரு பாட்டிலை மாற்றப் பார்த்தேன் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஊரில் யாரும் என்னை அடிக்கவில்லை. அதைவிட மோசம், நான் மதுக்கடைக்குள் நுழைந்தாலே, ஃபிர்மினுக்கு ஒரு ரோஸ் ஒயின் ஊற்றுங்கள் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். இப்போதும் போடுகிறார்கள். கூடார விடுதிக்குப் புதுக் கழிவுத்தொட்டி வாங்க ஊராட்சி தீர்மானம் போட்டது. வாய்க்காலை மூடும் வேலை எனக்கே வந்தது. இந்த முறை யாரும் படம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாயேல் தன் பெட்டிகளைக் கட்டினாள். பச்சை எங்கேயும் வரவில்லை. பூமிக்குள் ஏதாவது ஏரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத அளவு நீர்த்துப் போயிருக்கலாம் என்றாள். கேலாரு ஊற்றுக்கும் ஊமைக்குழிக்கும் தொடர்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வேலி இல்லை. ஐம்பது ஹெக்டேர் பிழைத்தது. அக்கா அவளுக்கு ஒரு முழு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கொடுத்தாள், கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். பிறகு வரைபடத்தை எடுத்து அவள் முன்னால் விரித்து, நீங்களாக இருந்தால் இன்னும் எங்கே தேடுவீர்கள் என்று கேட்டாள். மாயேல் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவள் பென்சிலால் மூன்று புள்ளி வைத்தாள். ஒன்று மலைமுதுகுக்கு இந்தப் பக்கம், மற்ற இரண்டும் தண்ணீர் எங்கள் பக்கம் வடியாத, முதுகுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்ற என் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தாள். விட்டுத்தொலை, தப்பித்தாய் அல்லவா, எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறாய் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் காது கொடுக்கவில்லை. இடிந்த கோட்டை மாதிரி பாறைகள் நிற்கும் மணல் காட்டைத் தாண்டினோம். முதல் புள்ளியில் ஊற்று வற்றியிருந்தது. அங்கிருந்து பைன் மரத் தோப்பு வழியாக முதுகைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினோம். திடீரென்று சுவர்க் கற்கள் எல்லாம் கறுப்பு, எரிமலைக் கல். ஈரப் புல்வெளியில் காட்டு நார்சிசஸ் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, பழுப்பு மாடுகள் வயிறு வரை புல்லில் நின்றன. பதினாலு கிலோமீட்டரில் இத்தனை விதமா என்று அக்கா இரண்டு முறை வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். இரண்டாவது புள்ளியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது பெய்ராக். எங்கள் ஊர்க்காரர்கள் பெய்ராக் ஆட்களை மந்தப் புத்திக்காரர்கள் என்போம், அவர்கள் எங்களை வறட்டு மண்டையர்கள் என்பார்கள். ஊருக்குப் பின்னால் பாறைச் சுவரின் அடியில் ஒரு வட்டக் குளம். அதுதான் அவர்கள் ஊற்று. அதைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் தேவாலயத்துக்குப் போட்ட நல்ல உடுப்போடு நின்றிருந்தார்கள். குளம் முழுக்கப் பச்சை. புல் பச்சை இல்லை, இலைப் பச்சை இல்லை, உலகத்தில் எதுவும் அந்த நிறத்தில் இல்லை.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். விரல் இடுக்கில் ஒழுகியதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களின் மேயர் ஒரு உயரமான பெண்மணி, ஹெர்மீன் என்று பெயர். காலையிலிருந்து குழாயெல்லாம் அடைத்தாயிற்று, மாவட்டத்துக்குச் சொல்லியாயிற்று, யாருக்காவது இது என்னவென்று தெரியுமா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"சாயந்தான், ஒண்ணும் பண்ணாது. எங்க நெலத்துல ஒரு குழி இருக்கு. அங்கேருந்து பன்னெண்டு நாள்ல வந்துருக்கு," என்றாள் அக்கா.

அவ்வளவு தூரமா, மலையைத் தாண்டியா, ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் அல்லவா ஆகிறது என்று கூட்டத்தில் ஆளாளுக்குக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் அப்படியானால் இது எங்கள் ஆற்றுக்கும் அடியில் கடந்து வந்திருக்க வேண்டுமே என்று வியந்தார். ஹெர்மீன் மட்டும் கணக்குப் போடவில்லை.

"அந்தக் குழியில வேற என்னல்லாம் போடுவீங்க?" என்றார். "பிப்ரவரி கடைசில எங்க பள்ளிக்கூடத்தையே மூடுனோம். இருபது பிள்ளைங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

 ஒன்றும் போடமாட்டோம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். குழியின் அடியை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அக்கா கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"நாலு ஆடு. செத்தது. பிப்ரவரில போட்டேன்."

"போட்டோம்," என்றேன் நான். "காலப் பிடிச்சது நான்."

எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. ஒரு பெண் எங்களைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள், அவள் பிள்ளையும் அந்த இருபதில் ஒன்று என்று பிறகு தெரிந்தது. அக்கா அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கே இதை நான் எழுதி அனுப்பியாக வேண்டும், அப்புறம் உங்கள் நிலத்தின் கதி என்ன என்பது தெரியும் அல்லவா என்று ஹெர்மீன் கேட்டார். எழுதுங்கள் என்றாள் அக்கா. தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லவும் செய்தாள்.

திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன்.  வேலி வரும், மந்தையில் பாதிக்கு மேல் விற்க வேண்டியிருக்கும், இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அவள் மடியில் பச்சைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. நான் வாங்கி வைத்த அரை டஜனில் ஒன்று.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேக்கா. ஏன் சொன்னே?"

அவள் பாட்டிலைக் கண்ணாடிப் பக்கம் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"சொல்லலேன்னா, இது என்னோடதுன்னு நான் எப்படிடா சொல்லிக்கிறது?"